கைநாட்டின் ஆயுசு

புரோநோட்டுக்கு ஆயுசு மூன்று வருசம். எங்கள் பரளச்சிப் பக்கம் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிக்கும் இது தெரியும். மூன்றாவது வருசம் முடிவதற்குள் நோட்டின் முதுகில் ஒரு வரவு விழ வேண்டும்; இல்லாவிட்டால் புது நோட்டு எழுத வேண்டும்; அதுவும் இல்லாவிட்டால் கோர்ட்டில் பிராது போட வேண்டும். மூன்றும் நடக்காத நோட்டு செத்துப்போகும்.

நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். எங்கள் அய்யா களத்துமேட்டில் உட்கார்ந்து புரோநோட்டு எழுதினார். நான் அருப்புக்கோட்டையில் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு கிரயமும் ஒத்தியும் பாகப்பிரிவினையும் எழுதினேன். இருவரும் எழுதியது பெரும்பாலும் கைநாட்டு வைக்கிறவர்களுக்காகத்தான். அதனால், மதுரையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தங்கச்சி மகன் தீபாவளிக்கு வந்தபோது கேட்டது எனக்குப் பழகிய கேள்வியாகவே இருந்தது.

"மாமா, எங்க இணையதளத்துக்கு வர்ற ஆளுக 'சம்மதம்'னு பொத்தானை அமுக்குறாக. அமுக்குனதுக்கு ஒரு பதிவு விழுது. அதை எத்தனை வருசம் வச்சிருக்கிறதுன்னு முடிவு பண்ணச் சொல்றாக. நீங்க பத்திரம் எழுதுனவுக, சொல்லுங்க."

ஒரே எண்ணாகச் சொல்லிவிடக்கூடிய பதில் இதற்கு இல்லை. ஒருவர் 'சரி' என்று சொன்னதற்கான சாட்சியை எத்தனை காலம் உயிரோடு வைத்திருப்பது என்பதை இந்த வறண்ட சீமை ஆயிரம் வருசமாகப் பல விதமாகத் தீர்த்துப் பார்த்திருக்கிறது. சீட்டு யார் கையில் இருந்ததோ அவர் பக்கமே தீர்ப்பு பல தடவை சாய்ந்திருக்கிறது. அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கல்லில் வெட்டிய கெடு

திருச்சுழி வட்டாரத்தில் பள்ளிமடம் சிவன் கோயிலில் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பத்தாம் நூற்றாண்டில் இந்தப் பகுதிக்குப் பருத்திக்குடி நாடு என்று பெயர். பாண்டிய நாட்டுக் கோயில்களில் விளக்கெரிக்க ஆடு கொடுப்பது அந்தக் காலத்துப் பெரிய தர்மம். ஒருவர் ஆடுகளைக் கொடுப்பார். அவற்றை ஏற்றுக்கொள்கிறவர் தினமும் இத்தனை அளவு நெய் கோயிலுக்கு அளப்பதாகச் சம்மதிப்பார். கிழடு சாகும், குட்டி பிறக்கும், மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதனால்தான் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டில் எழுதினார்கள். அந்தச் சம்மதத்துக்குக் கெடு சந்திராதித்தவல், அதாவது சந்திர சூரியர் உள்ள வரை.

இந்த முறையில் ஒரு நன்மை இருந்தது. ஏற்றுக்கொண்ட கடமை எவ்வளவு, யாருக்கு, எதற்காக என்பதெல்லாம் கோயில் சுவரில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி இருந்தது. இரவோடு இரவாக யாரும் அளவை மாற்றி எழுத முடியாது. ஒரு கெடுதலும் இருந்தது. சம்மதித்தவர் ஒருவர், நெய் அளந்தவர்கள் அவருடைய பிள்ளைகள், பேரன்கள், அதற்கும் பிந்தியவர்கள். முடிவே இல்லாத சம்மதம், சம்மதம் சொல்லாதவர்கள் தலையில் போய் விழுந்தது.

பட்டாவும் முச்சிலிக்கையும்

வெள்ளைக்காரர் காலத்தில் இந்தச் சீமையின் பெரும்பகுதி ராமநாதபுரம் ஜமீனுக்குள் இருந்தது. 1803இல் அந்த ஜமீனுக்கு நிரந்தரத் தீர்வை நிர்ணயமானது. அதற்குக் கீழே குடியானவருக்கும் ஜமீனுக்கும் இருந்த ஒப்பந்தம் இரண்டு சீட்டுகளில் நடந்தது. இன்ன நிலம், இன்ன தீர்வை என்று ஜமீன் கொடுப்பது பட்டா. அதற்கு ஒத்துக்கொண்டேன் என்று குடியானவர் எழுதிக் கொடுப்பது முச்சிலிக்கை. பட்டா குடிசைக்குப் போகும். முச்சிலிக்கை ஜமீன் கச்சேரிக்குப் போகும். கணக்கு பசலி வருசப்படி, ஜூலையில் தொடங்கும்.

சென்னை மாகாணத்தின் 1865ஆம் வருசத்து 8ஆவது சட்டம் இந்தப் பரிமாற்றத்தைக் கட்டாயமாக்கியது. பட்டாவும் முச்சிலிக்கையும் கைமாறாமலும், பட்டாவை முறைப்படி கொடுக்க முன்வராமலும் இருந்த நிலக்காரர் குத்தகைப் பாக்கிக்காக அந்தச் சட்டத்தின்படி ஜப்தி செய்ய முடியாது. நடைமுறையில் எத்தனையோ கச்சேரிகளில் இது சடங்காகத்தான் நடந்திருக்கும். ஆனாலும் சட்டத்துக்குள் ஒரு நியாயம் இருந்தது. ஒத்துக்கொண்டதற்குச் சாட்சி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் சீட்டை வைத்துக்கொண்டு மறு பக்கத்தை மிரட்டக் கூடாது. 1908இல் நிலக்குடிச் சட்டம் வந்து குடியானவருக்கு நிலத்தில் நிலையான உரிமை கொடுத்தது. 1948ஆம் வருசத்துச் சட்டம் ஜமீனையே ஒழித்தது. முச்சிலிக்கை போயிற்று, பட்டா நின்றது. சம்மதம் வாங்கியவர் கையில் இருந்த சீட்டு வேண்டாததாகிவிட்டது. சம்மதம் கொடுத்தவர் கையில் இருந்த சீட்டுதான் பேரன் வரைக்கும் வந்து சேர்ந்தது.

நோட்டின் முதுகு

புரோநோட்டில் அந்த இரண்டாவது சீட்டு கிடையாது. நோட்டு கடன் கொடுத்தவர் பெட்டியில் இருக்கும். வாங்கியவர் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா" என்பார்கள். எழுதிய கடனுக்கும் அழுதவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மூன்று வருசக் கெடு 1859ஆம் வருசத்துக் காலவரையறைச் சட்டத்தோடு வந்தது. 1871, 1877, 1908, 1963 என்று சட்டம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டபோதும் கைக்கடனுக்கு மூன்று வருசம் என்பது நின்றுவிட்டது. பழைய கடனைக் கிளறி ஏழையை நசுக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் உண்டு. நடந்ததோ வேறு. கெடு நெருங்க நெருங்க, கொடுத்தவர் வட்டியையும் முதலோடு சேர்த்துப் புது நோட்டு எழுதச் சொன்னார். மூன்று வருசத்துக்கு ஒரு தடவை கடன் குட்டி போட்டது. மராட்டியத்தில் புனே, அகமதுநகர் ஜில்லாக்களில் 1875 மே மாதம் சுபா என்ற ஊரில் தொடங்கிய கலகத்தில் குடியானவர்கள் முதலில் தேடிக் கொளுத்தியது சாவுகார்களின் கடன் பத்திரங்களைத்தான். அதை விசாரித்த கமிஷனும் இந்தக் குறுகிய கெடு கடனைப் பெருக்கியதைக் குறித்தது. பிறகு வந்த 1879ஆம் வருசத்து தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் அங்கே கெடுவை நீட்டியது. கிராமப் பதிவாளர் முன்னால்தான் கடன் பத்திரம் எழுத வேண்டும் என்றும் வைத்தது. கெடுவைக் குறைத்தால் எளியவருக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் புது நோட்டைவிட முதுகு வரவுதான் அதிகம். மாசி, பங்குனியில் களத்தில் மிளகாய் வத்தல் காயும்போது கடன் கொடுத்தவர் அங்கேயே வந்துவிடுவார். மடியிலிருந்து நான்காக மடித்த நோட்டை எடுப்பார். மடிப்பு விழுந்த இடத்தில் தாள் நைந்திருக்கும். அய்யா அதைப் பலகை மேல் விரித்து, திருப்பிப் போட்டு, இன்ன தேதியில் வட்டிக்காக ரூ. 25 வரவு என்று எழுதுவார். கடன்பட்டவர் வத்தல் காரம் ஏறிய இடது கைப் பெருவிரலை வேட்டியில் துடைத்துவிட்டு, மையில் தொட்டு, அந்த வரிக்குக் கீழே பதிப்பார். ரேகையைச் சுற்றி 'இது இன்னார் இடது கைப் பெருவிரல் ரேகை' என்று எழுதி, எழுதினவரும் சாட்சியும் கையெழுத்துப் போடுவார்கள். சில நேரம் இருபத்தைந்து ரூபாய் கைமாறவே மாறாது. அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனையும். அது விழுந்தால் நோட்டுக்கு இன்னும் மூன்று வருசம்.

சட்டம் இதை ஏற்றுக்கொள்கிறது. 1963ஆம் வருசத்துச் சட்டத்தின் 18, 19ஆவது பிரிவுகளின்படி கெடுவுக்குள் கடனை எழுத்தில் ஒத்துக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதற்குத் தன் கையெழுத்தோடு எழுத்துச் சாட்சி வைத்தாலோ, அன்றிலிருந்து காலம் புதிதாக ஓடும். கெடு முடிந்த பிறகு எழுதும் வரவு செத்த நோட்டை எழுப்பாது. ஆனால் காலங்கடந்த கடனையும் கொடுக்கிறேன் என்று கடன்பட்டவர் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லும். 1872ஆம் வருசத்து ஒப்பந்தச் சட்டம் 25ஆவது பிரிவில் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆக, கெடுவை எண்ணத் தொடங்குவது கடன் வாங்கிய நாளிலிருந்து மட்டும் என்று நினைக்கக் கூடாது. கடைசியாக எந்த நாளில் 'ஆமாம்' என்று சொன்னாரோ அந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

இதைவிடக் கொடுமை வெறும் நோட்டு. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் ரேகை வாங்கிக்கொண்டு, தொகையையும் தேதியையும் பிறகு நிரப்பிக்கொள்வது. 1881ஆம் வருசத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, ஸ்டாம்பு ஒட்டிய அரைகுறைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர், அந்த ஸ்டாம்பு தாங்குகிற தொகை வரை நிரப்பிக்கொள்ள அதிகாரம் கொடுத்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. கணவரை இழந்த ஒரு பெண் வக்கீல் நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கணவர் வாங்கியதாக அவர் அறிந்த தொகை ஒன்று, நோட்டீசில் இருந்த தொகை இன்னொன்று. நோட்டின் நகலை வாங்கிப் பார்த்தேன். ரேகை கணவருடையதுதான் என்று அவரே சொன்னார். பிறகு சொன்னது எனக்கு மறக்கவில்லை: "அண்ணே, அவுக விரலு வச்சது நெசந்தான். எதுக்குச் சரின்னு வச்சாகன்னு இந்தத் தாளு சொல்லலையே."

கடன் நோட்டுகளின் ஆயுசை அரசாங்கமே தலையிட்டுக் குறைத்த காலமும் உண்டு. சென்னை மாகாணத்தில் ராஜாஜி ஆட்சியின்போது வந்த 1938ஆம் வருசத்து விவசாயிகள் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் நின்ற வட்டி முழுவதையும் தள்ளியது. முதலைப்போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் முதலும் தீர்ந்தது என்றது. நோட்டில் ரேகை இருக்கிறது, கெடுவும் இருக்கிறது, ஆனாலும் இனி இதை வைத்து வசூலிக்காதே என்று ஒரு சட்டசபை சொன்னது. எழுதி வாங்கிய சம்மதத்துக்கும் நியாயம் என்ற எல்லை உண்டு என்பதை இந்த மண் அப்போதே பார்த்தது.

உள்ளங்கையிலிருந்து ரேகைச் சட்டம் வரை

பெருவிரல் ரேகை ஒப்பந்தத்துக்குள் வந்த கதை வங்காளத்தில் தொடங்குகிறது. 1858 ஜூலையில் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலை போடச் சரக்கு தருவதாக ஒப்பந்தம் எழுதிய ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்து, பத்திரத்தின் பின்புறம் பதிய வைத்தார். அடையாளம் கண்டுபிடிக்கும் எண்ணம் அன்று அவருக்கு இல்லை. இது என் கையெழுத்து இல்லை என்று பிறகு மறுக்கும் நினைப்பே வராதபடி பயமுறுத்தத்தான் செய்தார். பிற்பாடு அவரே அப்படி எழுதியிருக்கிறார். 1877இல் ஹூக்ளியில் பென்ஷன்காரர்களிடமும் பத்திரப் பதிவிலும் ரேகை வாங்கத் தொடங்கினார். கைநாட்டு முறையின் பிறப்பிலேயே அது வாங்குகிறவரின் பாதுகாப்புக்காக வந்தது என்பதை நாம் மனதில் வைக்க வேண்டும்.

அடுத்த கட்டத்தில் சம்மதம் என்ற பேச்சே இல்லாமல் ரேகை வாங்கினார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ஆம் வருசத்துத் திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எங்கள் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். அறிவிக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒரே காரணத்துக்காக ஆட்களைக் கூப்பிட்டு விரல் ரேகை எடுத்துப் பதிவேட்டில் ஏற்றினார்கள். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ராத்திரியில் அதிகாரி சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். உசிலம்பட்டி பக்கத்தில் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 1929இல் இந்தச் சட்டம் எங்கள் பக்கத்து ஆப்பநாட்டு மறவர் மீதும் பாய்ந்தது; பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அதை எதிர்த்து ஊர் ஊராகப் போனார். சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் ரத்தானது. நாடு முழுவதும் 1952இல் போயிற்று.

அந்தப் பதிவேட்டுக்குக் கெடு கிடையாது. பதிந்தவர் சாகும் வரை, சில வீடுகளில் பிள்ளைகளின் தலை மீதும், அது தொங்கியது. இதன் மறு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்று அந்தப் பட்டியலில் ஏற்றப்பட்ட சமூகங்கள்தாம் இன்று சீர்மரபினர். அந்தச் சான்றை வைத்துத்தான் அவர்களின் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் உரிமை கேட்கிறார்கள். ஒடுக்குவதற்காக எழுதிய பதிவு, ஒடுக்கப்பட்டவர்களின் அத்தாட்சியாக மாறிவிட்டது. அதனால் எல்லாப் பழைய பதிவையும் கொளுத்திவிடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. யாருக்காக வைத்திருக்கிறோம் என்று கேட்கச் சொல்லுவேன்.

பதிவு அலுவலகத்தின் இரும்பு அலமாரி

அந்தக் கேள்விக்கு ஓரளவு ஒழுங்கான பதில் வைத்திருக்கிற இடம் பதிவு அலுவலகம். 1864ஆம் வருசத்துச் சட்டத்தோடு பதிவுத் துறை பிறந்தது. இன்று நடப்பது 1908ஆம் வருசத்துச் சட்டம். என் காலத்தில் மேசை மேல் ஒரு தகரத் தகட்டில் மை தடவி வைத்திருப்பார்கள். எழுதிக் கொடுக்கிறவர் பெருவிரலைச் சாய்த்து உருட்டிப் பத்திரத்திலும் ரேகைப் பதிவேட்டிலும் வைப்பார். வெளியே வரும்போது வாசல் சுவரில் விரலைத் தேய்த்துவிட்டுப் போவார்கள். 2001ஆம் வருசத்துத் திருத்தத்துக்குப் பிறகு போட்டோவும் சேர்ந்தது. இப்போது விரலைக் கண்ணாடி மேல் வைக்கிறார்கள். சீமைக் கருவேல மூட்டம் போட்டுக் கரி எடுத்தே ரேகை தேய்ந்துபோனவர்களின் விரல் அந்தக் கண்ணாடியில் லேசில் விழுவதில்லை. ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள்.

நிலப் பத்திரத்தின் நகல் முதலாம் புத்தகத்தில் ஏறும். அதற்குக் கெடு இல்லை. யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில் ஏறும் மூன்றாம் புத்தகமும், நிலம் சம்பந்தப்படாத பத்திரங்கள் ஏறும் நான்காம் புத்தகமும் அப்படி இல்லை. உயிலின் நகல், எழுதியவர் உயிரோடு உள்ள வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான் கிடைக்கும்; நான்காம் புத்தக நகல் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான். கட்சிக்காரர் திரும்பி வந்து வாங்கிக்கொள்ளாத அசல் பத்திரத்தை, உயிலைத் தவிர, இரண்டு வருசம் கழித்து அழித்துவிடலாம் என்று 85ஆவது பிரிவு சொல்கிறது. கோர்ட்டிலும் ரெவின்யூ அலுவலகத்திலும் தேவை தீர்ந்த தாள்களை அழிப்பதற்கென்றே 1879இல் ஒரு சட்டமும், அதைத் திருத்தி 1917இல் இன்னொரு சட்டமும் வந்தன. நிரந்தரமாக வைப்பது ஒரு முடிவு, யாருக்குத் திறந்து காட்டுவது இன்னொரு முடிவு, எதை அழிப்பது மூன்றாவது முடிவு. மூன்றையும் தனித்தனியாக எழுதி வைத்தார்கள்.

அந்த நிரந்தரம் எங்கள் ஆட்களைக் காப்பாற்றியது. மழை பொய்த்த வருசங்களில் நிலத்தை ஒத்திக்கு வைத்துவிட்டு இலங்கைக்கும் பர்மாவுக்கும் மதுரை மில்லுக்கும் போனவர்கள் இந்தச் சீமையில் அதிகம். 1908ஆம் வருசத்துச் சட்டப்படி ஒத்தியைத் திருப்ப 60 வருசம் அவகாசம் இருந்தது. 1963ஆம் வருசத்துச் சட்டம் அதை 30 வருசமாகக் குறைத்தது. போனவர் திரும்பாமல் பிள்ளை திரும்பினாலும், கையில் பத்திரமே இல்லாவிட்டாலும், அலுவலக அலமாரியில் இருந்த நகல், இது கிரயம் இல்லை, ஒத்திதான் என்று சாட்சி சொல்லும். இன்று 1975 முதலான வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே கணினியில் பார்க்க முடிகிறது. பதிவு நீண்ட காலம் இருப்பதாலேயே தீமை என்று ஆகாது. கொடுத்தவரும் போய்க் கேட்டு வாங்க முடிகிற வரைக்கும் அது நன்மைதான்.

பொத்தானுக்கு எத்தனை வருசம்

இந்தத் தலைமுறையின் கைநாட்டு கைபேசியில் விழுகிறது. உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பு எங்கள் ரேஷன் கடை வரிசை வரைக்கும் வந்து தொடுகிற ஒன்று. விரல் வைத்துச் சரிபார்த்த பதிவுகளை ஆறு மாதம் வைத்திருந்து, அதன் பிறகு ஐந்து வருசம் காப்பகத்தில் வைக்கலாம் என்று விதி இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று நீதிமன்றம் வெட்டியது. ரேகைச் சட்டத்தைப் பார்த்த மண்ணில் பிறந்தவன் என்பதால் அந்த வரியின் அருமை எனக்குத் தெரிகிறது.

பிறகு 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் அதன் விதிகளும் வந்தன. இவை படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நிறுவனங்கள் மேலுள்ள முக்கியமான கடமைகள் 2027 மே மாதம் தொடங்கும். 'சம்மதம் வாங்கினேன்' என்று நிரூபிக்கும் பாரம் வாங்கிய நிறுவனத்தின் மேல். கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெற வழி வேண்டும். அறிவிப்பைத் தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்க வழி வைத்திருக்க வேண்டும். திரும்பப் பெற்றாலோ, நோக்கம் முடிந்தாலோ, வேறு சட்டம் தடுக்காத வரை தரவை அழிக்க வேண்டும்.

வருசக் கணக்கும் சில உண்டு. சம்மதங்களைக் கையாளுவதற்கென்று பதிவு பெறும் சம்மத மேலாளர்கள், கொடுத்த, மறுத்த, திரும்பப் பெற்ற சம்மதங்களின் பதிவைக் குறைந்தது ஏழு வருசம் வைக்க வேண்டும். சம்மதித்தவர் கேட்டால் அதைக் காட்ட வேண்டும். இரண்டு கோடிக்குக் குறையாமல் பயனர் உள்ள இணைய வணிக, சமூக ஊடக நிறுவனங்கள், மூன்று வருசம் எட்டிப் பார்க்காதவரின் தரவை, 48 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டு, அழிக்க வேண்டும். தரவையும் அதைக் கையாண்ட பதிவுகளையும் குறைந்தது ஒரு வருசம் வைக்க வேண்டும் என்றும் விதி உண்டு. அது அரசின் தேவைகளுக்காக வைத்தது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 முதல் நடக்கிறது. அதுவும் சம்மதத்தை நிரூபிக்கச் சொல்கிறதே தவிர, பதிவுக்கு வருசம் குறிக்கவில்லை. குக்கி விஷயத்தில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் ஏற்றதையும் மறுத்ததையும் ஆறு மாதம் நினைவில் வைப்பது நல்ல வழக்கம் என்கிறது. மறுத்ததையும் எழுதி வைக்கச் சொன்ன இடத்தில் நான் நின்று யோசித்தேன். எங்கள் அய்யா எழுதிய நோட்டுகளில் ஒருவர் 'முடியாது' என்று சொன்னதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

என் தங்கச்சி மகனுக்கு நான் சொன்னது இதுதான். ஒன்று, ரேகையை மட்டும் வைக்காதே. அன்றைக்கு அந்த ஆளுக்கு எந்த வாசகத்தைக் காட்டினாய் என்பதையும் தேதியோடு சேர்த்து வை. இல்லாவிட்டால் அந்த விதவைப் பெண்ணின் கேள்விக்கு உன்னிடம் பதில் இருக்காது. இரண்டு, பொத்தானை அமுக்கிய நாளிலிருந்து கெடுவை எண்ணாதே. அந்தச் சம்மதத்தை நம்பி நீ காரியம் செய்கிற வரைக்கும் பதிவு இருக்கட்டும். அவர் திரும்பப் பெற்ற நாளிலிருந்தோ, உறவு முடிந்த நாளிலிருந்தோ, வழக்கு வரக்கூடிய காலம் வரை வைத்துவிட்டு அழி. பொதுவான ஒப்பந்த வழக்குக்கு அந்தக் காலம் இன்றும் மூன்று வருசம்தான். மூன்று, சம்மதத்தின் சாட்சி வேறு, சம்மதத்தை வைத்து வாங்கிய தரவு வேறு. தரவு முதலில் போக வேண்டும்; சாட்சியில் பேர், தேதி, வாசகம் என்று மிகக் குறைவானது மட்டும் மிஞ்ச வேண்டும். நான்கு, முதுகு வரவு போடாதே. அந்த ஆள் அறியாமல் எதையோ தொட்டதைப் புதுச் சம்மதமாக எழுதிக் கெடுவை நீட்டாதே. ஐந்து, அவர் கையிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

இந்தச் சீமையின் கதையிலிருந்து என் தீர்ப்பு இவ்வளவுதான்: சம்மதப் பதிவு, கொடுத்தவரைக் காக்கிற காலம் வரை வாழலாம், வாங்கியவருக்கு மட்டும் அது வேண்டியிருக்கிற நாளில் அதை அழித்துவிட வேண்டும். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை 'சம்மதம்' என்ற பொத்தான் உங்கள் முன்னால் வரும்போது வாசகத்தைத் தமிழில் கேளுங்கள்; படித்துப் பார்த்துவிட்டு விரலை வையுங்கள்; எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள்; வேண்டாம் என்றால் திரும்பப் பெறுங்கள். படிக்கத் தெரியாத வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். நம் பெரியவர்களுக்கு அன்று யாரும் வாசித்துக் காட்டவில்லை.